நான்காவது பொத்தான்

சொல்தா வீட்டுப் படங்கள்தான் அதிகம்
எங்கள் கடைக்கு, செயின்ட் தெரேஸ் வீதியில்.
பூச்சி தின்ற மூலை, ஈரம் ஏறிய முகம்,
பின்பக்கம் பாதி அழிந்த சைகோன் முத்திரை.
துடைத்து, ஒட்டி, பெரிதாக்கிக் கொடுப்பது என் வேலை.
என்ன பதவி என்றும் கேட்பார்கள்.
அதற்குக் காசு வாங்குவதில்லை.

முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது.
முகத்தில் எல்லாருமே கப்பித்தேன்.
மணிக்கட்டுக்குச் சற்று மேலே
சாய்ந்து கிடக்கும் பட்டையில் தொடங்க வேண்டும்.
கம்பளி நூல் வெளிச்சத்தைக் குடித்துவிடும்: கப்பொரால்.
சரிகை கொஞ்சம் திருப்பித் தரும்: செர்ழான்.
சிவப்பு, பழைய தகட்டில் கறுப்பாகத்தான் விழும்.
நிறம் போன இடத்தில்
நூலின் முரட்டுத்தனம்தான் சாட்சி.

பங்குனியில் வந்தார் மதலேன் அம்மாள்,
ரொட்டி சுற்றிய தாளில் படத்தைச் சுற்றி.
"பெரியப்பா செர்ழான் தம்பி.
அந்தப் பட்டை பளிச்சுனு தெரியணும்.
சம்பந்தி வீட்டுல
வெறும் சொல்தான்னு பேசிக்கிறாங்க."

செர்ழான்தான். சரிகை மின்னியது.
கழுத்துப்பட்டையில் நங்கூரம், பொத்தான்களிலும் நங்கூரம்.
நான்காவது பொத்தானில் மட்டும் தலைகீழ்,
கொக்கி மேலே பார்த்திருந்தது.
எந்தத் தையற்காரனுக்கு என்ன அவசரமோ.

ஆனி மாதம் முத்தியால்பேட்டை தனராசு
தன் தாத்தாவைக் கொண்டுவந்தார்.
செர்ழான்.
பின்னால் அதே சீலை, வரைந்த மாடிப்படி,
மூன்றாம் படியில் சாயம் உரிந்திருக்கிறது.
சட்டை தொப்பையில் இறுகி
நான்காவது பொத்தான் தெறிக்கப் பார்க்கிறது.
நங்கூரம் தலைகீழ்.

நான் கணினியை அணைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

நெல்லித்தோப்பு கபிரியேல் சித்தப்பா மூன்றாவது.
குள்ளம். கைநீளம் விரல்முட்டி வரை வந்து
உள்ளே மடித்துவிடப்பட்டிருந்தது.
பட்டையும் மடிப்போடு போய்விடுமே என்று
யாரோ கொஞ்சம் மேலே ஏற்றியிருக்கிறார்கள்.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
தையல் இல்லை.
பட்டையின் ஓரத்தில், அரிசிக்குருணை அளவில்,
ஒரு குண்டூசித் தலை.

எவனோ ஒரு படக்காரன்,
ஒரு சட்டை, ஒரு முழம் சரிகை.
அங்கிருந்து கப்பல் ஏறி வந்து
இங்கே எத்தனை கூடத்துச் சுவரில் ஏறின?
எத்தனை பெண்பார்த்தல் அதன் கீழே நடந்தது?
ஊதியச் சீட்டு வேறு கதை சொல்லியிருக்கும்,
ஆனால் ஊதியச் சீட்டை யார் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

மதலேன் அம்மாள் படத்தை வாங்க வந்த அன்று
வாயைத் திறந்தேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி,
பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.
"அப்பா, இப்பத்தான் தெரியுது" என்றார்.
முந்நூற்றைம்பது ரூபாய் மா, என்றேன்.

பட்டையைத் துலக்கினேன், மூவருக்கும்.
குண்டூசியை அழிக்கவில்லை.
ஒரு சொடுக்கில் போயிருக்கும்.

இவர்கள் யாரும் பார்க்காத நான்காவது படம்
போன மழைக்கு முன்பே வந்தது.
ரசீதில் பெயரில்லை, ஒரு எண் மட்டும்.
அந்த எண்ணை எடுப்பவர் இல்லை.
அதே படி, அதே உரிந்த சாயம்.
பையனுக்கு இருபது இருந்தால் அதிகம்.
தோளில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது
அந்தச் சட்டை.
கைநீளம் மணிக்கட்டில் சரியாக முடிகிறது.
பொத்தான் தலைகீழாகவே இருக்கிறது,
அவனே தைத்ததாக இருக்கலாம்.
பட்டை எதுவும் இல்லை.
மணிக்கட்டுக்கு மேலே, துணியில்,
ஊசி ஏறி ஏறி இறங்கிய துளைகள்,
சாய்வாக.

உறையை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
யாராவது வந்து பதவி கேட்டால்
என்ன சொல்வதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.